குண்டூர் நாட்டுத் தேநீர் நோய்

நான்காம் நாள் காலையில் பாவாயியும் படுத்துவிட்டாள்.

நேற்று மாலைவரை சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண். இந்த மலைக்கு வந்த நாள் முதல் அருணாசலத்துக்குக் களி கிண்டிப் போட்டதும் அவள்தான். இப்போது பாயை விரித்து, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பக்கத்துப் பாயில் அவள் புருஷன் குழந்தைசாமி. அவன் படுத்து மூன்று நாள் ஆகிறது.

“என்னம்மா பண்ணுது?”

“தலைங்க சாமி. இடிச்சு எடுக்குதுங்க.”

“எப்போதிலிருந்து?”

“இப்பத்தானுங்க. வெள்ளென எந்திரிச்சு களி கிண்டி வெச்சேன். அப்புறம் படுத்தனுங்க.”

“சாப்பிட்டாயா?”

“ரண்டு உருண்டை முழுங்குனனுங்க. அந்த டீத்தண்ணி ஒரு டம்ளர் குடுத்தீங்கன்னா தேவலைங்க சாமி.”

படுத்தவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். அம்மாவைக் கேட்கவில்லை, குலசாமியைக் கேட்கவில்லை. டீத்தண்ணியைக் கேட்டார்கள். அருணாசலம் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து பாவாயியின் பெயருக்கு நேரே ‘தலைவலி’ என்று எழுதினார். ஒன்பதாவது ஆள்.

அருணாசலம் ஒரு தேயிலைக் கம்பெனியின் பிரசாரகர். எட்டு வருஷமாகச் சேலம் ஜில்லாவின் சந்தைகளில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இலவசமாகத் தேநீர் ஊற்றி வருகிறவர். அவருக்குப் பொய் சொல்ல வராது. விளம்பர வேலையில் இதைவிடப் பெரிய குறை இல்லை. அதனால் 1937-ஆம் வருஷம் கம்பெனி டாக்டருக்குக் கொல்லிமலையைப் பற்றி ஒரு யோசனை உதித்தபோது, மேலே அனுப்ப இவர்தான் கைக்கு அகப்பட்டார்.

டாக்டரின் யோசனை இதுதான். தேநீரையும் காபியையும் வாயில் வைத்தே பார்த்திராத ஒரு ஊரைப் பிடிக்க வேண்டும். அங்கே தேநீரைப் பழக்கி, யாருக்கு என்ன நோய் வருகிறது, யாருக்கு எது போகிறது என்று பத்து வருஷம் எழுதிவர வேண்டும். தேநீர் ஆயுளை வளர்க்கும், காபி இருதயத்தைக் கெடுக்கும் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் துண்டுத்தாளுக்கு அதன்பிறகு ஒரு ஆதாரமும் கிடைத்துவிடும். இதற்காக நோட்டில் அவரே மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்: பெயர், குடித்த அளவு, நோய். நோய்க் கட்டத்தை மட்டும் மிகவும் ஒல்லியாகப் போட்டிருந்தார். அதில் எழுத ஒன்றும் இருக்காது என்பது அவர் நம்பிக்கை.

முதல் நாள் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கொல்லிமலையின் ஒரு பகுதியான குண்டூர் நாட்டில், அந்தச் சின்ன ஊரில் பெரியவர்கள் மொத்தம் இருபத்தேழு பேர். காளியண்ணன் என்ற ஒருவன் மட்டும் பலாப்பழச் சுமையோடு சேந்தமங்கலத்துக்கு இறங்கியிருந்தான். மீதி இருபத்தாறு பேரும் ஊர்க்கவுண்டர் அண்ணாமலை வீட்டுக்கு முன்னால் கூடினார்கள். அருணாசலம் வெல்லமும் டப்பாப் பாலும் போட்டுத் தேநீர் கலந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். விருந்தாளி மனம் கோணக்கூடாதே என்று ஒவ்வொருவரும் ஒரு வாய் குடித்தார்கள். குடித்ததும் கண்கள் விரிந்தன. அப்புறம் அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“குடியுங்கள். இலவசம்தான்.”

“போதுமுங்க சாமி. எங்களுக்கென்னங்க, நல்லாத்தானே இருக்கோம்?” என்றார் ஊர்க்கவுண்டர்.

நோட்டில் அருணாசலம் எழுதினார்: இருபத்தாறு பேர், ஆளுக்கு ஒரு வாய். நோய்: ஏதும் இல்லை.

மறுநாள் காலை குழந்தைசாமி தலைவலி என்று படுத்தான். தேநீர் தலைவலியைத் தீர்க்கும் என்று துண்டுத்தாளில் இருந்ததால் அருணாசலம் உற்சாகமாக ஒரு டம்ளர் கொடுத்தார். சொட்டு விடாமல் குடித்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் இன்னொன்று கேட்டான். மாலையில் இன்னொன்று. அதற்கடுத்த நாள் நாலு வீட்டில் ஏழு பேர் படுத்தார்கள். இப்போது பாவாயி.

ஒரு வாய். ஒரே ஒரு வாய்தான் உள்ளே போயிருக்கிறது. அது உடம்பின் பலத்துக்குத் தக்கபடி ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு இன்னும் வேண்டும் என்று கேட்கவும் வைக்கிறது. கள்ளுக்கூட இப்படிச் செய்யாது. இந்தச் சாதுவான ஜனங்களில் ஒரு உயிர் போனாலும் தூக்குக் கயிறு தன் கழுத்துக்குத்தான் என்று அருணாசலம் நிச்சயமாக நம்பினார். அதைவிட, பாவாயியின் முகத்தைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

டிக்காக்ஷன் கடுமையாக இருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டார். இலையைப் பாதியாகக் குறைத்தார். கசப்பு தெரியாமல் இருக்க வெல்லத்தை இரண்டு பங்காக்கினார். பாலையும் தாராளமாகவே ஊற்றினார்.

அடுத்த நாள் பதினாலு பேர்.

“இன்னைக்குத் தண்ணி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க சாமி,” என்றான் குழந்தைசாமி, பாயில் படுத்தபடியே. “ஆனா வலி மட்டும் இங்கிருந்து இங்க எறங்கிருச்சுங்க.” தலையிலிருந்து இடுப்புவரை விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

நோய் கீழே இறங்குகிறது என்று அருணாசலம் எழுதிக்கொண்டார். கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டத்திலும் எழுத வேண்டி வந்தது.

பெட்டியில்தான் ஏதோ கோளாறு. அதைத்தான் இனிச் சந்தேகிக்க வேண்டும். தேயிலைப் பெட்டி சேந்தமங்கலத்தில் ஜெய்லானி ராவுத்தரின் கடையிலிருந்து வந்தது. ‘இந்தப் பெட்டியில் விஷம் இருக்கிறது, உடனே வேறு பெட்டி அனுப்பவும்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கீழே போகிற ஆளிடம் கொடுத்தார். மறுநாளே புதுப்பெட்டி ஒருவன் தலையில் ஏறி வந்தது. கூடவே ராவுத்தரின் பதிலும் வந்தது.

‘அதே சரக்கைத்தான் எங்கள் வீட்டில் பதினோரு பேர் வருஷக்கணக்காகக் குடிக்கிறோம். யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. இருந்தாலும் தங்கள் மனத் திருப்திக்காக உயர்ந்த ரகம் அனுப்பியிருக்கிறேன். ஏலக்காய் தட்டிப் போட்டால் எந்தத் தோஷமும் அண்டாது.’

அருணாசலம் ஏலக்காய் தட்டிப் போட்டார். வாசனை ஊரைத் தூக்கியது.

இருபது பேர் படுத்தார்கள்.

கீழே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாத தேயிலை இந்த மலை உடம்புக்கு ஆகவில்லை. அவருக்கு வேறு முடிவு தோன்றவில்லை. அப்போதுதான் பாவாயி வீட்டுக் கொல்லையில் சாக்கில் கட்டி வைத்திருந்த காபிக்கொட்டை கண்ணில் பட்டது. மலையில் காபிச் செடி உண்டு. கொட்டையைக் காயவைத்து வியாபாரிக்குப் போடுவார்களே தவிர, அதை வறுத்துக் குடிக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. ஒரு பழக்கத்திலிருந்து இன்னொரு பழக்கத்தால் மெல்ல விடுவிக்கலாமே என்று அருணாசலம் யோசித்தார். தேயிலைக் கம்பெனி உப்பைத் தின்றுவிட்டுக் காபி போட்டுக் கொடுப்பது பச்சைத் துரோகம். கதவைச் சாத்திக்கொண்டு வறுத்தார்.

வறுத்த மணம் கதவுக்கெல்லாம் அடங்குமா? தேநீர் கேட்ட அத்தனை பேருக்கும் வெல்லம் போட்டு ஆளுக்கு அரை டம்ளர் கறுப்புக் காபி கொடுத்தார்.

மறுநாள் நோய் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

“எனக்கு வயித்துவலிங்க,” என்றாள் பாவாயி. “தலைவலி விட்டுப்போச்சுங்க. வயித்துவலிக்கு அந்தக் கறுப்புத் தண்ணிதானுங்க கேக்குது.”

“எனக்குத் தலைவலியேதானுங்க,” என்றான் குழந்தைசாமி. “எனக்குப் பழைய தண்ணியே இருக்கட்டும்.”

எதிர் வீட்டில் ஒருவனுக்குத் தலைவலியும் வயிற்றுவலியும் மாறி மாறி வந்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இனிமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. அடி விழுந்தாலும் விழட்டும் என்று அருணாசலம் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார். அண்ணாமலை கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கவுண்டரே, நான் ஒரு பாவம் செய்துவிட்டேன்.”

“என்னங்க சாமி?”

“நான் கொடுத்த டீயால்தான் எல்லாரும் படுத்துக் கிடக்கிறார்கள். இந்த ஊருக்கு நான்தான் எமனாக வந்திருக்கிறேன். நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.”

ஊர்க்கவுண்டர் அருணாசலத்தின் கண்களைப் பார்க்காமல் ஸ்டவ் இருக்கிற திக்கைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குங்கூடக் காத்தால இருந்து ஒரு மாதிரி இருக்குதுங்க சாமி. ஆரு கிட்டச் சொல்றதுன்னு பாத்துட்டிருந்தேன்.”

“ஐயோ! எங்கே வலிக்கிறது?”

“ரண்டு எடத்துலயும் வலிக்குதுங்க,” என்று அவர் சுருண்டு படுத்தார்.

முதல் நாள் ஒரு வாய் குடித்தவர்களில் அன்றைக்கு இருபத்தைந்து பேர் படுக்கையில். ஊரில் திடமாக நடமாடிய ஆண்பிள்ளை காளியண்ணன் ஒருவன்தான். இரண்டு ஆள் சுமையைத் தனியாகத் தூக்குகிறவன். முதல் நாள் ஊரில் இல்லாததால் ஒரு சொட்டுத் தேநீரும் அவன் வாயில் பட்டதில்லை. குடித்தவன் படுத்தான், குடிக்காதவன் நிமிர்ந்து நிற்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அருணாசலம் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது காளியண்ணன் பின்னால் வந்து நின்றான்.

“எல்லாரும் குடிச்சாங்களாமா. எனக்கு மட்டும் இல்லீங்களா?”

“உனக்கு வேண்டாமப்பா. உனக்கு நல்ல காலம், நீ ஊரில் இல்லை.”

“ஒரே ஒரு வாய்ங்க.”

“கையெடுத்துக் கும்பிடுகிறேன், போ!”

அருணாசலம் தண்ணீர் மொள்ளத் திரும்பிய சமயத்தில் கெட்டிலின் அடியில் இருந்ததை அவன் அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டான். நாக்கைச் சப்புக்கொட்டினான். வீட்டைப் பார்த்துப் போனான்.

விடிந்ததும் காளியண்ணன் வீட்டிலிருந்து முனகல் கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு முனகினால் ஊரே கேட்கும்.

அருணாசலம் ஸ்டவ்வை அணைத்தார். இரண்டு பெட்டிகளையும் பூட்டினார். “இனிமேல் டீயும் கிடையாது, காபியும் கிடையாது. செத்தாலும் கிடையாது,” என்று ஊர் நடுவில் நின்று கத்தினார்.

அன்று பகல் பூராவும் முனகல் அதிகமாகக் கேட்டது. அடிக்கடி தலைகள் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தன. மாலையில் காளியண்ணன் எழுந்து விறகு பிளந்தான். மறுநாள் பாதிப் பேர் காட்டுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ஊரில் ஒரு நோயாளி இல்லை.

அருணாசலம் உட்கார்ந்து அழுதார். பிழைத்துவிட்டார்களே என்ற சந்தோஷத்துக்குப் பாதி, நிரூபணமாகிவிட்டதே என்ற துக்கத்துக்குப் பாதி. எட்டு வருஷமாக எத்தனை சந்தை, எத்தனை ஆயிரம் டம்ளர்! சேலத்தில் மனைவி பொன்னம்மாள் வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்திருக்கிறார். ‘இன்றிலிருந்து தேநீரைத் தொடாதே. காரணம் நேரில்’ என்று அவளுக்கு ஒரு கார்டு எழுதினார். பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். வேகமாக அடித்தது. பயத்தில் யாருக்கும் அடிக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அந்த வாரமே கம்பெனி டாக்டர் டோலியில் வந்து இறங்கினார். வழியெல்லாம் குலுங்கி வந்த எரிச்சலோடு நோட்டை வாங்கிப் புரட்டினார். முகம் சிவந்தது.

“என்ன ஐயா இது? நோய்க் கட்டம் முழுக்க எழுதி வைத்திருக்கிறாய்?”

“இருந்ததைத்தான் ஸார் எழுதினேன்.”

“என் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன். ஆளுக்கு ஒரு வாய் கொடு.”

“வேண்டாம் ஸார். பாவம் ஸார்.”

“கொடு என்கிறேன்!”

மறுபடி ஊர் கூடியது. இந்தத் தடவை ஒருவரும் தயங்கவில்லை. ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, மரியாதையாக டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். அருணாசலம் முகத்தை மூடிக்கொண்டார்.

விடிந்தபோது இருபத்தாறு பேர் பாயில் கிடந்தார்கள். ஊர்க்கவுண்டர் உட்பட.

டாக்டர் வீடு வீடாகப் போனார். நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழாயை வைத்தார், வயிற்றைத் தட்டினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் போயிருந்தது. வேறு எதுவோ மின்னியது.

“நாடி சரியாக இருக்கிறது. நாக்கு சுத்தம். காய்ச்சல் இல்லை. பசி எடுக்கிறது.”

“அப்படியானால் ஒன்றும் இல்லையா ஸார்?”

“முட்டாள்! அதுதான் பயங்கரம். வெளியே துளி அடையாளம் இல்லாமல் உள்ளே அரிக்கிறது. இன்றைக்குத் தலைவலி என்பார்கள். இருபது வருஷம் கழித்து இருதயம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தெரியும். கொடுத்தால் வருகிறது, நிறுத்தினால் போகிறது, மறுபடி கொடுத்தால் மறுபடி வருகிறது. மூன்று சோதனையிலும் தேறிவிட்டது. வைத்திய உலகத்துக்கே புது வியாதி. என் பெயரை வைப்பார்கள்.”

“கம்பெனி ஸார்?”

“கம்பெனியா? நீ கலப்படம் செய்தாய் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கும். நீ நாமக்கல் போலீசுக்குப் பதில் சொல்லத் தயாராக இரு.”

டாக்டர் பெட்டியைத் திறந்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். பேனா ஓடியது. அருணாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். பொன்னம்மாளுக்குக் கார்டு கிடைத்திருக்குமா, அதற்குள் எத்தனை டம்ளர் குடித்திருப்பாள் என்று மனம் ஓடியது.

“சாட்சிக் கையெழுத்துப் போடு,” என்று டாக்டர் தாளை நீட்டினார். அருணாசலம் பேனாவை வாங்கினார். மை சொட்டியது. பொய் எழுதச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். எல்லாம் நிஜமாக இருந்ததால் பேனாவைத் தாளில் வைத்தார்.

“இரு, இரு!” டாக்டர் திடீரென்று தாளைப் பிடுங்கினார். நோட்டில் ஒரு வரியைச் சுட்டினார். “இங்கே ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே. கண்ணாயி. முதல் நாள் ஒரு வாய். நேற்று ஒரு வாய். நோய் ஒன்றுமில்லை. யார் இவள்?”

“இந்த ஊர்ப் பெண்தான் ஸார். மாடு மேய்க்கிறவள்.”

“இவளுக்கு மட்டும் ஏன் வரவில்லை?”

“தெரியவில்லை ஸார்.”

“எனக்குத் தெரிகிறது. அவள் ரத்தத்தில் இந்த விஷத்துக்கு மாற்று இருக்கிறது. வியாதியும் நான் கண்டது, மருந்தும் நான் கண்டது!” டாக்டரின் கை பரபரத்தது. அவரே ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஊசியை வெந்நீரில் போட்டார். “ரெண்டு குழாய் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கூப்பிடு அவளை!”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஊருக்குள் இருந்த மாடுகள் அத்தனையையும் ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு கண்ணாயி அந்தப் பக்கமாகத்தான் வந்தாள். ஸ்டவ்வைப் பார்த்ததும் நின்றாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரையே ஆசையாகப் பார்த்தாள்.

“இப்படி வா அம்மா. பயப்படாதே,” என்றார் டாக்டர், ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. “உண்மையைச் சொல். இவர் கொடுத்ததை ஊரே குடித்தது. நீயும் குடித்தாய். எல்லாரும் படுத்துவிட்டார்கள். உனக்கு மட்டும் ஏன் நோய் வரவில்லை?”

கண்ணாயி படுத்துக்கிடந்த வீடுகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், மாடுகளைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நோவுன்னு படுத்தாத்தானுங்க எங்கூர்ல இனிப்புத்தண்ணி காச்சிக் குடுப்பாங்க, எல்லாரும் படுத்துட்டா மாட்டை ஆருங்க மேய்க்கறது, நான் நின்னுக்கிட்டே ஒரு டம்ளர் குடிச்சுக்கறனுங்க சாமி, குடுங்க!”